கரிக்குழிக்கு நான் போட்ட பூசை

தொடாத தங்கச்சி, தொடாத! அது விபூதி இல்ல, ஒன் கையிலயும் ஒட்டிக்கும். நேத்து பூரா தேய்ச்சாச்சு. சவுக்காரம் போட்டாச்சு, சாம்பல் போட்டாச்சு, தேங்கா மட்டையக்கூட வச்சிப் பாத்தாச்சு. நெத்தித் தோலுதான் போச்சு, கரி போவல. தேய்க்கத் தேய்க்க வெளக்கி வச்ச செம்பு மாதிரி மினுங்குது.

யாரு சொன்னா எனக்கு சாமி வந்துச்சுன்னு? மேல லயத்து வீட்டுக்காரியா? அவளுக்கு நான் தும்முனாலும் சாமிதான். சாமியும் வரல, பூதமும் வரல. வந்திருந்தா பழிய அது மேல போட்டுட்டு நான் சும்மா இருந்திருப்பேனே. செஞ்சதெல்லாம் நான், என் சொந்தப் புத்தியில செஞ்சது. ஒக்காரு, சொல்றேன். நீ கரியப் பத்திக் கேக்க வரல, வேற ஒண்ணு கேக்க வந்திருக்கன்னும் எனக்குத் தெரியும். அதுக்கும் வர்றேன், பொறு.

முந்தாநேத்து போயா, பௌர்ணமி லீவுதானே. மகனுக்கு ஹயர் ஓட்டம் ஒண்ணும் இல்ல, வேன் சும்மா நின்னுச்சு. மொத நாளே சொன்னான்: "அம்மா, வலப்பனைக்கு அங்கிட்டு ஒரு எடம் இருக்கு. ரெண்டு மலையையும் பொளந்துக்கிட்டு நடுவுல ஆறு ஓடுது. முன்னாடி அங்க கரி வெட்டுன குழியெல்லாம் இருக்கு. இப்ப கம்பிப்பாலம், ஏணிப்படியெல்லாம் போட்டு ஆக்கள் பாக்கப் போறாங்க. வாங்க, போய்ட்டு வருவோம்."

நான் என்னா சொன்னேன்? "ஆறு நம்ம லயத்துக்குப் பின்னாலயே ஓடுது. மலை, பொறந்ததுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கரி நம்ம அடுப்புல இல்லாததா? இதுக்கு டீசல ஊத்திக்கிட்டு மூணு மணித்தியாலம் போவணுமா?"ன்னு கேட்டேன். கேட்டேனே ஒழிய, காலையில அஞ்சு மணிக்கெல்லாம் தலை சீவி, பொட்டு வச்சி, மகனோட பழைய பாட்டா சப்பாத்தையும் மாட்டிக்கிட்டு வேனுக்குள்ள ஒக்காந்திருந்தது யாரு? நான்தான். அவன் இன்னும் பல்லுகூட வெளக்கல.

பேரனை சம்பந்தி வீட்டுல விட்டுட்டு, மகன், மருமக, நான், மூணு பேருதான்னு நெனச்சேன். தலவாக்கலை தாண்டுனதும் வேன் வட்டகொடைப் பக்கம் திரும்புது. நான் முன் சீட்டப் புடிச்சிக்கிட்டு எட்டிப் பாத்தேன். "எங்கடா போற?"ன்னு கேட்டா, கண்ணாடியில என்னையப் பாத்துக்கிட்டு, "ஒரு ஆள ஏத்தணும்மா"ங்கிறான். ரோட்டோரத்துல கைப்பையோட நிக்கிறா, என் நாத்தனா.

ஒனக்கு அந்தக் கதை அரைகொறையாத்தான் தெரியும். நீ இந்த லயத்துக்கு வாழ வந்ததே அதுக்குப் பொறகுதானே. எல்லாருக்கும் நான் ஒரு விதமாச் சொல்லி வச்சிருக்கேன். இன்னிக்கு உள்ளபடி சொல்றேன் கேளு.

ஆறு வருசத்துக்கு முன்னாடி மகன் கல்யாணம். தாலி கட்டுறப்ப மாப்பிள்ள ஒரு முடிச்சுப் போடுவான், மத்த முடிச்ச மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி போடணும். நாத்தனா முடிச்சு. அவனுக்குக் கூடப்பொறந்த பொம்பளப்புள்ள இல்ல. அப்ப அந்த உரிமை யாருக்கு? அவன் அத்தைக்கு. அவளும் அதுக்குன்னே வெங்காயக் கலர் பட்டு ஒண்ணு எடுத்துக்கிட்டு, மூணு நாளைக்கு முன்னாடியே வந்து, என் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டு செஞ்சா. முகூர்த்தம் நெருங்கையில பாயாசம் அடிபுடிக்கிற மாதிரி இருக்குன்னு பின்னால ஓடிட்டா. ஐயரு அவசரப்படுத்துறாரு. நான் "நேரம் போவுது, யாராச்சும் போடுங்கடி"ன்னுட்டேன். என் தங்கச்சி மக பக்கத்துல நின்னா, போட்டுட்டா. நாத்தனா கையத் தொடச்சிக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள அச்சதை போட்டு முடிஞ்சிருச்சு.

ஒரு வார்த்த பேசல தங்கச்சி. பந்தியில ஒக்காரல. பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டா. அன்னிக்கு மூடுன வாய், என்கிட்ட மட்டும் தொறக்கவே இல்ல. நான் எல்லார்கிட்டயும், "ஊரெல்லாம் தேடுனேன், அவளக் காணல, நான் என்னா செய்ய?"ன்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒன்கிட்டயும் அப்பிடித்தானே சொன்னேன்?

ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க வீட்டு மனுசன் போனதுக்கப்புறம், என்னைய கெழவின்னு பாக்காத ஆளு ஒலகத்துல அவ ஒருத்திதான். ஒங்களுக்கெல்லாம் நான் பொறக்கையிலயே நரைச்ச தலையோட பொறந்தவ. அவளுக்குத்தான் நான் பதினெட்டு வயசுல வந்து, ரொட்டி சுடத் தெரியாம அழுத புதுப்பொண்ணு. அவகூட சண்ட போட்டா ஒரு வயசு கொறையும். ஆறு வருசமா சண்டைக்கு ஆளில்லாம எனக்கு நாக்கே துருப்புடிச்சிருச்சு. அதனால வேன்ல அவ ஏறுனதும் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு இவள ஒரு வார்த்தையாச்சும் பேச வச்சிரணும், இல்லாட்டி நான் செத்த வீட்டுக்குத்தான் வந்து பேசுவா, அப்ப எனக்குக் காதும் கேக்காது.

ஏறுனா. முன் சீட்டுல மகன் பக்கத்துல ஒக்காந்தா. என் பக்கம் தலையே திரும்பல. நான் பின்னால இருந்து தொண்டையக் கனைக்கிறேன், இருமுறேன், "ஸ்ஸ்... குளுரு"ங்கிறேன். அவ மருமககிட்ட சொல்றா: "ஒன் மாமியாகிட்ட சொல்லு, சன்னலச் சாத்தச் சொல்லி." ரெண்டடி தூரத்துல நான் இருக்கேன். மருமகளும் பாவம், "மாமி, சன்னலச் சாத்துங்களாம்." நான், "கண்ணாடி எறங்கிக் கெடக்கு, ஏற மாட்டேங்குதுன்னு சொல்லு." "அத்த, கண்ணாடி ஏற மாட்டேங்குதாம்." நுவரெலியா வரைக்கும் அந்தப் புள்ள தபால்காரி வேலதான் பாத்துச்சு.

நுவரெலியா தாண்டி எறக்கத்துல வளைவு வளைவா வருதே, அங்க எனக்குக் கொடலப் பொரட்டிருச்சு. காலையில ரெண்டு ரொட்டிய அவசர அவசரமா முழுங்குனது, நல்ல பையா பாத்து வச்சிருந்த பையிலேயே வந்துருச்சு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கேன், முன் சீட்டுலருந்து ஒரு கை பின்னால நீளுது. தலை திரும்பல, கை மட்டும். கையில ஒரு எலுமிச்சங்கா. வாங்கி மோந்துக்கிட்டேன். "பெரிய உபகாரம்னு சொல்லு"ன்னேன் மருமககிட்ட. நீண்ட கை அப்பிடியே முன்னால போயிருச்சு.

எடம் வந்து எறங்குனா, சும்மா சொல்லக்கூடாது தங்கச்சி, நான் நாக்கை மடிச்சிக்கிட்டேன். நம்ம ஆறு மாதிரி இல்ல. ரெண்டு பக்கமும் சுவரு வச்சி எழுப்புன மாதிரி கல்லு, மேல பாத்தா வானம் ஒரு ரிப்பன் அகலந்தான் தெரியுது. அடியில தண்ணி பச்சையா, எறைஞ்சிக்கிட்டு ஓடுது. நாம இங்க ஒரு வார்த்த சொன்னா எதிர்க்கல்லு அதையே திருப்பிச் சொல்லுது. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருச்சு. "ஓய்!"ன்னேன், "ஓய்!"ங்குது. "என்னா?"ன்னேன், "என்னா?"ங்குது. வந்த எடத்துல அந்தக் கல்லாச்சும் என்கூடப் பேசுதேன்னு நாலஞ்சு தடவ கத்துனேன். மகன் வந்து, "அம்மா, ஆக்கள் பாக்குறாங்க"ன்னு இழுத்துக்கிட்டுப் போனான்.

கீழ எறங்க இரும்புப் படி. நான் நாப்பது வருசம் கூடைய தலையில மாட்டிக்கிட்டு மலை ஏறி எறங்குனவ, இதெல்லாம் எனக்கு ஒரு படியான்னு மருமககிட்ட பீத்திக்கிட்டே காலை வச்சேன். படி சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, அதுக்குள்ளால பாத்தா ஆறு தெரியுது. மூணாவது படியில ஒக்காந்தவதான். மிச்சப் படியெல்லாம் ஒக்காந்த மேனிக்கே ஒவ்வொண்ணா எறங்குனேன். பின்னால வந்த வெள்ளக்கார சோடி எனக்காகப் பொறுமையா நின்னுச்சு. நாத்தனா எனக்கு முன்னாடி விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டா. தோளு ரெண்டும் குலுங்குச்சு. சிரிச்சாளா என்னன்னு பின்னாலருந்து தெரியல.

அடியில ஒரு குகை மாதிரி வாய். இரும்புக் கேட்டு போட்டுப் பூட்டியிருக்கு. துருப்புடிச்ச தள்ளுவண்டி ஒண்ணு கவுந்து கெடக்கு. அதுதான் கரிக்குழி. மகன் மேல தேத்தண்ணி வாங்கப் போயிட்டான், மருமக கக்கூசு தேடிப் போயிருச்சு. குழி வாயில நானும் நாத்தனாளும் மட்டும். அவ எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஆத்தப் பாக்குறா. நான் அவ முதுகப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

அப்பதான் அது என் கண்ணுல பட்டுச்சு. கேட்டுக்குப் பக்கத்துல கல்லுலயே கொடைஞ்ச ஒரு மாடம். உள்ள களிமண் வெளக்கு, எண்ணெய்ப் பிசுக்கு, ரெண்டு செவ்வரளிப் பூ. மாடத்துக்குக் கீழ ஒரு கல்லு மேல பித்தளத் தட்டு. தட்டுல கன்னங்கரேல்னு, பளபளன்னு, மாவு மாதிரி தூளு. பக்கத்துல ஒரு போர்டும் இருந்துச்சு. சிங்களம், தமிழ், இங்கிலீசு மூணுலயும் எழுதியிருந்துச்சாம். எனக்கு மூணும் ஒண்ணுதான். நாத்தனாளுக்கும் அப்பிடித்தான், ரெண்டு பேரும் கைநாட்டு.

நீயே சொல்லு. நம்ம கொழுந்து மலைக்கு ஒரு சாமி இருக்கு. தேயிலைச் செடியக் கவ்வாத்து வெட்டுறதுக்கு முன்னாடி கவ்வாத்துச் சாமிக்கு சேவல் அறுக்கிறோம். ஃபெக்டரியில ரோதை சுத்துதே, அதுக்கு ரோதமுனி இருக்கு. அப்ப பூமிக்குள்ள எறங்கி உசுரப் பணயம் வச்சி வேல செய்யிற குழிக்கு ஒரு முனி இல்லாமயா இருக்கும்? மாடம் இருக்கு, வெளக்கு இருக்கு, பூ இருக்கு. தட்டுல இருக்கிற கருப்பு என்னா? யாகம் முடிஞ்சா ஐயரு நெத்தியில வைக்கிற ரட்சை! என் புத்தி எப்பிடி வேல செஞ்சிருக்கு பாத்தியா? எங்கயும் ஓட்டை இல்ல.

எனக்கு சந்தோசம் தாங்கல. இவள பேச வைக்க முனியே வழி விட்டிருச்சுன்னு நெனச்சேன். மடியில எப்பவும் ரெண்டு சூடம் வச்சிருப்பேன்ல. ஒரு சின்னக் கல்லுல வச்சிக் கொளுத்துனேன். சப்பாத்தக் கழட்டுனேன். அவளுக்குக் கேக்குற மாதிரி சத்தமா, "குழிமுனி அப்பா! தெரியாம செஞ்ச குத்தத்தப் பொறுத்துக்க! மூடியிருக்கிற வாயத் தொறந்து விடு அப்பா!"ன்னேன். எதிர்க்கல்லு, "விடு அப்பா, விடு அப்பா"ங்குது. முனியே பேசுற மாதிரி எனக்கே மயிரு கூச்செறிஞ்சிருச்சு.

சூடத்தக் கல்லோட எடுத்துக்கிட்டு அவ முன்னாடி போயி நின்னேன். என் மூஞ்சிய அவ பாக்கல. ஆனா சூடத்தக் காட்டுனா நம்ம பொம்பளைங்க கை சும்மா இருக்குமா? தானா நீண்டுச்சு, கண்ணுல ஒத்திக்கிட்டா. நான் விடுவேனா? தட்டுல கைய விட்டு மூணு வெரலால அள்ளி, அவ நெத்தியில இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் இழுத்தேன். ஆறு வருசத்துக்கப்புறம் அவளத் தொடுறேன். கண்ண மூடிக்கிட்டு நின்னா, தட்டி விடல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த ஈரத்துலயே என் நெத்தியிலயும் பூசிக்கிட்டேன், கழுத்துலயும் கொஞ்சம்.

அதோட நிறுத்தியிருக்கலாம்ல? திரும்புனா அந்த வெள்ளக்கார சோடி கையக் கூப்பிக்கிட்டு நிக்குது. சாமி காரியத்துல வித்தியாசம் பாக்கக் கூடாதுன்னு அதுங்களுக்கும் பூசுனேன். அதுங்க பின்னால கண்டிப் பக்கத்துலருந்து வந்த ஒரு குடும்பம். அதுக்குப் பின்னால இன்னும் நாலு பேரு. வரிசை ஏணிப்படி வரைக்கும் போயிருச்சு தங்கச்சி! நான் ஒவ்வொரு ஆளுக்கும், "நல்லாரு, நல்லாரு"ன்னு சொல்லிப் பூசிக்கிட்டே இருக்கேன். ஒரு அம்மா என் காலைத் தொடக் குனிஞ்சிருச்சு. அதையும் வேணாம்னு சொல்லல நான்.

மேலருந்து ஒரு பெரியவர் கையில சாவிக்கொத்தோட கத்திக்கிட்டு ஓடி வர்றாரு. குழியப் பாத்துக்கிற சிங்கள ஆளு. "அனே ஆச்சி, ஏக்க மினிரன்! மினிரன்!"ங்கிறாரு. எனக்கு அதுதான் அந்த முனியோட பேரு போலன்னு, கையக் கூப்பிக்கிட்டேன். மனுசன் தலையில அடிச்சிக்கிட்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல மெதுவா வெளங்கப்படுத்துனாரு. அது ரட்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மினிரன்னா அந்தக் குழியில வெட்டுன கரி. அடுப்புக் கரியுமில்ல, எரியவே எரியாதாம். பென்சிலுக்குள்ள இருக்கிற கரி. வந்தவங்க பாக்கட்டும்னு தட்டுல வச்சிருக்கு, தொடாதீங்கன்னு போர்டு போட்டிருக்கு. மிச்ச நேரத்துல அவரு அதுல கொஞ்சம் எடுத்து அந்த இரும்புக் கேட்டோட பூட்டுக்குப் போடுவாராம், துருப்புடிக்காம தொறக்க. பென்சில் புடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நான் புடிச்சது கொழுந்துதானே.

அவரு நல்ல மனுசன், சிரிப்ப அடக்கிக்கிட்டுத்தான் பேசுனாரு. அவரோட சீயா, தாத்தா, அந்தக் குழியிலதான் வேல செஞ்சாராம். மர ஏணியில எறங்கி, எண்ணெய் வெளக்கு வெளிச்சத்துல வெட்டி, கூடையில மேல ஏத்துவாங்களாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா சொந்த நாயே கொலைக்குமாம், அவ்வளவு கருப்பு. எறங்குறதுக்கு முன்னாடி அந்த மாடத்துல வெளக்கு வச்சிக் கும்பிட்டுட்டுத்தான் எறங்குவாங்களாம். பாத்தியா? சாமி விசயத்துல நான் சொன்னது சரிதானே? பிரசாதத்துலதான் கோட்ட விட்டுட்டேன்.

வரிசையில நின்னவங்களும் நாத்தனாளும் ஆத்துக்கு ஓடுறாங்க. தண்ணி பட்டதும் அது வழிஞ்சி மூஞ்சி பூரா பரவிருச்சு. தேத்தண்ணியோட வந்த மகன், ஃபோன கீழ போடாம இருந்தது பெரிய காரியம். சிரிச்சி சிரிச்சி, "அத்த, இங்க பாருங்க"ன்னு ஃபோன்ல அவ மூஞ்சிய அவளுக்கே காட்டிட்டான்.

பாத்தா. என் பக்கம் திரும்புனா. கருப்பு மூஞ்சியில ரெண்டு கண்ணு மட்டும் வெள்ளையா.

"ஏன் அண்ணி, ஒங்களுக்குக் கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு?"

அண்ணி! ஆறு வருசத்துக்கப்புறம் அண்ணின்னுட்டா! எனக்கு அவ திட்டுனதே ஒறைக்கல. "தாயி, இன்னொரு தடவ சொல்லு"ன்னேன்.

"என்னாத்தச் சொல்ல? பூட்டுக்குப் போடுற தூள ஆக்கள் மூஞ்சியில பூசுற பொம்பளைய நான் எங்கயும் பாக்கல! வாயிருந்தும் எதையும் கேக்குறதில்ல, எதையும் யோசிக்கிறதில்ல, எல்லாம் அவசரம்! அன்னிக்கும் அவசரம், இன்னிக்கும் அவசரம்! ஒரு எட்டு வந்து பின்னால பாத்தா என்னா கொறைஞ்சிருக்கும்? பாயாசத்துக்குப் பக்கத்துலதானே நின்னேன்!"

எதிர்க்கல்லும் சேந்து, "நின்னேன், நின்னேன்"ங்குது. ஆறு வருசத்துக்குச் சேத்து வச்சது எல்லாம் வந்துச்சு தங்கச்சி, கல்லுனால ரெண்டு மடங்கா வந்துச்சு. ஆக்கள் மூஞ்சியக் கழுவுறத நிறுத்திட்டுப் பாக்குறாங்க. நான் வழக்கம்போல, "ஊரெல்லாம் தேடு..."ன்னு ஆரம்பிச்சிட்டேன். பாதியில நாக்கு நின்னுருச்சு. நெத்தி பூரா கரியப் பூசிக்கிட்டு எப்பிடிப் பொய் சொல்ல?

"நான் ஒன்னையத் தேடவே இல்ல தாயி,"ன்னேன். "வீடியோக்காரன் என் பக்கம் லைட்ட அடிச்சான். நான் கெமராவப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன். நீ இல்லங்கிறதே எனக்கு ஞாபகம் வரல."

 

அவ சொல்றா: "தெரியும். வீடியோவப் பாத்தேன். மூணு தடவ தலைமுடிய ஒதுக்கி விட்டீங்க. ஒரு தடவ மூக்குத்தியத் திருகுனீங்க." கன்னத்துல வழிஞ்ச கரியத் தொடச்சிக்கிட்டா. "நீங்களா வாயத் தொறந்து சொல்றீங்களான்னுதான் இருந்தேன்."

நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன். அவ முந்தானைய ஆத்துல நனைச்சிக்கிட்டு வந்து, என் தாடையப் புடிச்சி, ஒரு ஈவு எரக்கம் இல்லாம என் நெத்தியத் தேய்ச்சா பாரு! இந்தத் தோலு உரிஞ்சிருக்கே, அது அவ கைதான். நல்லா வலிச்சிச்சு. நான் ஆடாம அசையாம காட்டிக்கிட்டு நின்னேன்.

திரும்பி வரையில முன் சீட்டுல மருமக. பின்னால எனக்குப் பக்கத்துல யாரு? வட்டகொடையில வேனு நின்னுச்சு, எறங்குவான்னு பாத்தா, "நான் எறங்கல, இவங்க நெத்திய இப்பிடியே விட்டுட்டுப் போனா ஊரு சிரிக்கும்"னு சொல்லிட்டு ஒக்காந்துட்டா. அவ நெத்தியும் அதே லட்சணந்தான், அதச் சொல்ல நான் என்ன பைத்தியமா? அன்னிக்கு ராத்திரி வந்தவதான். நீ கேக்க வந்தது இதுதானே? நேத்து என் வீட்டுல ஒரு பொம்பளக் கொரலு ஓயாம கேட்டுச்சே யாருன்னு? அவதான். நேத்துலருந்து என் அடுப்பு சரியில்ல, என் மொளகாத்தூள்ல வாசமில்ல, நான் போர்வ மடிக்கிறது போர்வையே இல்ல. மகன் காதுல பஞ்ச வச்சிக்கிட்டு ஹயருக்குப் போயிட்டான். "அம்மா, ஒங்க முனிகிட்ட சொல்லி கொஞ்சம் மூடச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போறான்.

இந்தா, கூப்பிடுறா, கேக்குதா? "அண்ணீ! கீரைய ஆய வச்சிட்டு அங்கிட்டு என்னா பேச்சு?" ம்... வர்றேன் தாயி, வர்றேன்! நீ எந்திரி தங்கச்சி, இன்னும் ஒரு கட்டுக் கீர அப்பிடியே கெடக்கு, பழுத்த எலைய விட்டுட்டேன்னு அதுக்கு வேற வாங்கிக் கட்டிக்கணும்...